ஒத்தைக் கோடு

திருத்தங்கலில் பஸ் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் நகக்கண்ணிலும் வெடிக் கம்பெனியின் வெள்ளிப் பொடி. மூத்தவள் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தாள்.

"எங்க போர்மேன் கணக்குல காய்ச்சல்னா தெனமும் வரணும். ஒருநா விட்டு ஒருநா வந்தா அது நடிப்பு."

"மச்சானையா சொன்னாரு, அக்கா?"

"பெறகு? திங்கக்கெழம நடுக்கம், செவ்வாக்கெழம வேலைக்கு வந்தாக, புதங்கெழம மறுபடி நடுக்கம். சீசன் நேரத்துல முறை வச்சு லீவு போடுதான்னாரு. ஆசுபத்திரியில ஒரு சொட்டு ரத்தத்த அட்டையில விட்டுப் பாத்தாக. மலேரியான்னா ரெண்டு கோடு விழணுமாம். ஒத்தக் கோடுதான் விழுந்துச்சு. பொய்க் காய்ச்சல்னு கம்பெனி பூராவும் சொல்லிட்டாரு."

"பெறகு எப்படிக் கண்டுபிடிச்சாக?"

"கண்ணாடித் தகட்டுல ரத்தம் எடுத்து, விருதுநகர்ல மைக்ராஸ்கோப்புல பாத்தாக. மலேரியாதான். அந்த அட்டை ஒரு வகையத்தான் காட்டுமாம், இவுகளுக்கு வந்தது வேற வகை. பெட்டிக்கு ஒரு வெடியக் கொளுத்திப் பாத்து லோடு அனுப்புற மனுசன், எங்க வீட்டு ஆளுக்கு மட்டும் ஒத்த அட்டை போதும்னுட்டாரு."

"இப்ப என்ன சொல்லுதாரு?"

"முந்தாநாத்து அவருக்கே நடுக்கம். அட்டையில ஒத்தக் கோடு. இதையெல்லாம் நம்ப முடியாதுன்னு அன்னைக்கே கார் வச்சு விருதுநகர் போயிட்டாரு, மைக்ராஸ்கோப்புல பாக்க."

இளையவள் விரல் மடக்கி எண்ணினாள்.

"நேத்து வேலைக்கு வந்தாரா?"

"நேத்து வந்தாரு. இன்னைக்கு லீவு."