பச்சை மூடி டப்பாவில் என்ன இருக்கு?

சைத்தூன்: கொழும்பா? இன்னும் கொழும்புலயேவா இருக்க?

ஃபஹ்மிதா: ஆமாம்மா. அடுத்த பிளைட்டு லேட்டு.

சைத்தூன்: காலையில ஒம்போது மணிக்கே கொழும்புல எறங்கிட்டேன்னு மெசேஜ் போட்ட. இங்க சாயங்காலம் அஸர் தொழுதே முடிச்சாச்சு. அவ்வளவு நேரமா ஏரோப்ளேனை நிறுத்தி வச்சு என்னடி பண்றாங்க, கழுவி விடுறாங்களா?

ஃபஹ்மிதா: லேட்டு... அவ்வளவுதான்.

சைத்தூன்: இது யாரு நம்பரு? பேரே வரல. எடுக்கலாமா வேணாமான்னு கையில வச்சுக்கிட்டே நின்னேன்.

ஃபஹ்மிதா: இங்க... ஒருத்தரோட போன். என்னோடதுல சார்ஜ் இல்ல. அம்மா, நேரம் கம்மி. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

சைத்தூன்: சொல்லுங்களா! என்னடி புதுசா மரியாதை? காலையில திருச்சி ஏர்போர்ட்டு வாசல்ல கட்டிப்புடிச்சு அழுவுறப்ப கூட "நீ போம்மா, நீ போம்மா"ன்னுதான சொன்ன. புருஷன் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பெரிய மனுசியாயிட்டியா?

ஃபஹ்மிதா: பக்கத்துல ஆளுங்க இருக்காங்க. அதான்.

சைத்தூன்: இருந்துட்டுப் போவட்டும். என் மவ என்னை எப்படிக் கூப்பிட்டா அவங்களுக்கு என்ன? சாப்பிட்டியா?

ஃபஹ்மிதா: சாப்பிட்டேன்.

சைத்தூன்: என்ன சாப்பிட்ட?

ஃபஹ்மிதா: அம்மா... பெரிய பெட்டிய யாரு அடுக்கினா?

சைத்தூன்: என்னடி கேள்வி இது? நீயும் நானும்தான்.

ஃபஹ்மிதா: துணியெல்லாம் நான் அடுக்கினேன். சாப்பாட்டுச் சாமான் யாரு வச்சது?

சைத்தூன்: நான்தான். வேற யாரு, உங்கத்தாவா வைப்பாங்க? கொழும்புல உக்காந்துக்கிட்டு எதுக்கு இந்த விசாரணை? மாங்கா ஊறுகா ஊத்திக்கிச்சா? அதான? நான் அப்பவே ரெண்டு கவர் போடலாம்னு சொன்னேன்...

ஃபஹ்மிதா: ஊத்தல. ஒவ்வொண்ணா சொல்லுங்க. என்னென்ன டப்பா வச்சீங்க?

சைத்தூன்: மஞ்ச மூடியில முறுக்கு. செவப்பு மூடியில மல்லிப்பொடி. பச்சை மூடியில இடியாப்ப மாவு. ஊறுகா பாட்டில்ல. நெத்திலிக் கருவாடு பேப்பர்ல சுத்தி... நாறுதா? பக்கத்துல ஆளுங்க ஏதாவது சொல்றாங்களா?

ஃபஹ்மிதா: பச்சை மூடியில... இடியாப்ப மாவு மட்டும்தானா?

சைத்தூன்: பின்ன மாவு டப்பாவுல மாவுதான் இருக்கும். ஏன்டி மூச்சு வாங்குற?

ஃபஹ்மிதா: ஓடி வந்தேன்.

சைத்தூன்: எங்க ஓடுன? லேட்டுன்னு உக்காந்திருக்கேன்னு சொன்ன...

ஃபஹ்மிதா: அம்மா, கேளுங்க. சில சாமானெல்லாம் கத்தாருக்குக் கொண்டு போகக் கூடாது. தப்பித் தவறி இருந்துச்சுன்னா ஜெயில்ல போட்டுடுவாங்க. வருசக்கணக்கா.

சைத்தூன்: கூடாத சாமானா? நம்ம வீட்டுல என்னடி கூடாத சாமான் இருக்கு? நாம என்ன தங்கமா கடத்துறோம்?

ஃபஹ்மிதா: நம்ம சமையல் சாமான்லயே இருக்கு. வெளயாடாதீங்க.

சைத்தூன்: ஓ... கசகசாவா? அதான் நீ அன்னிக்கே எடுத்துட்டியே.

ஃபஹ்மிதா: என்ன எடுத்தேன்? முழுசா சொல்லுங்க.

சைத்தூன்: நான் ஒரு கவர்ல கசகசா கட்டி பெட்டியில வச்சேன். நீ பாத்துட்டு, "அய்யய்யோ, இது அங்க ஆவாது, இது போதைச் சாமான்ல சேத்தி"ன்னு எடுத்து அலமாரியில வச்சுட்ட. "குருமாவுக்குப் போடுறது எப்படிடி போதையாவும்"னு நான் சிரிச்சேன். நீ கூட கோவிச்சுக்கிட்டியே.

ஃபஹ்மிதா: ஆமாம்மா! எடுத்துட்டேன்ல? நான் எடுத்ததை நீங்க பாத்தீங்கல்ல?

சைத்தூன்: பாத்தேன். அதுக்கு எதுக்கு இப்படிக் கத்துற?

ஃபஹ்மிதா: அப்புறம்?

சைத்தூன்: அப்புறம் என்ன... ஒண்ணுமில்ல.

ஃபஹ்மிதா: அப்புறம் அது எங்க போச்சு?

சைத்தூன்: அலமாரியிலதான் இருக்கும். சரி, நீ தண்ணி குடிச்சியா? உன் தொண்டையே சரியில்ல. மழை வேற இங்க இருட்டிக்கிட்டு நிக்குது. குறுவை நெல்லு மொத்தமும் ரோட்டுல கெடக்கு, உங்கத்தா படுதா போட்டு மூட...

ஃபஹ்மிதா: அம்மா, அலமாரியில போய்ப் பாருங்க.

சைத்தூன்: எதுக்குடி?

ஃபஹ்மிதா: பாருங்களேன்.

சைத்தூன்: ...

ஃபஹ்மிதா: அம்மா?

சைத்தூன்: இருக்குடி. இருக்கு. பாத்துட்டேன்.

ஃபஹ்மிதா: நீங்க எழுந்திருக்கவே இல்ல. கட்டிலு சத்தமே கேக்கல.

சைத்தூன்: ஆமா, இங்கேருந்து கட்டில் சத்தம் கொழும்புக்குக் கேக்கும். என்ன பொண்ணுடி நீ... அது யாரு, ஆம்பளை கொரலு?

ஃபஹ்மிதா: மைக்ல கூப்பிடுறாங்க.

சைத்தூன்: மைக் மாதிரி இல்லையே. பக்கத்துல செருமுன மாதிரி இருந்துச்சு. ஃபஹ்மி, எனக்கு என்னவோ பண்ணுது. நீ நல்லாருக்கியா? யாராவது உன்னை மடக்கி வச்சிருக்காங்களா? ரெண்டு தடவை இருமு, நான் புரிஞ்சுக்கிறேன்.

ஃபஹ்மிதா: யாரும் மடக்கல. அம்மா, நான் சொல்றத நல்லாக் கேளுங்க. என் கூட வந்த ஒரு பொண்ணு சொன்னா. போன மாசம் ஒருத்தி இப்படித்தான், அவ மாமியா என்னமோ வச்சு அனுப்பியிருக்காங்க. அவளுக்குத் தெரியாது. அங்க எறங்கினதும் பெட்டியத் தொறந்து எடுத்துட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னு எவ்வளவோ அழுதிருக்கா. யாரும் நம்பல. உள்ள போட்டுட்டாங்க.

சைத்தூன்: யா அல்லாஹ்...

ஃபஹ்மிதா: இன்னும் வெளிய வரலையாம்.

சைத்தூன்: கசகசாவுக்கா? ஒரு கை கசகசாவுக்கா?

ஃபஹ்மிதா: ஆமா.

சைத்தூன்: பெட்டி எங்க? உன் கையில இருக்கா?

ஃபஹ்மிதா: இல்ல. அது உள்ள போயிடுச்சு.

சைத்தூன்: திரும்ப வாங்கு. வாங்கித் தூக்கிக் குப்பையில போடு. துணியும் வேணாம் ஒண்ணும் வேணாம், மொத்தமும் போட்டுட்டு வெறுங்கையோட போ.

ஃபஹ்மிதா: எதுக்கு? நீங்கதான் ஒண்ணும் வைக்கலையே. வச்சீங்களா?

சைத்தூன்: திட்டுவ.

ஃபஹ்மிதா: திட்ட மாட்டேன். உண்மையச் சொன்னா ஒரு வழி இருக்கு. இங்கயே சொல்லிக்கலாம். நீங்க சொல்லலைன்னா வழியே இல்ல. எனக்குன்னு இருக்குறது இப்ப நீங்க சொல்றது மட்டும்தான்.

சைத்தூன்: உங்கத்தாகிட்ட மட்டும் சொல்லிடாத.

ஃபஹ்மிதா: சொல்லுங்க. பச்சை மூடி டப்பாவுல என்ன இருக்கு?

சைத்தூன்: மாவுதான்... மாவுக்கு நடுவுல... அந்தக் கவர வச்சேன்.

ஃபஹ்மிதா: எந்தக் கவர?

சைத்தூன்: கசகசா கவர. நீ அலமாரியில வச்சதுதான். நீ குளிக்கப் போனப்ப எடுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டு, மாவுக்குள்ள அமுக்கிட்டு மேல மாவக் கொட்டி மூடிட்டேன்.

ஃபஹ்மிதா: எவ்வளவு?

சைத்தூன்: கால் கிலோ இருக்கும். அப்பவே சொல்லியிருக்கணும்... வாசல் வரைக்கும் நாக்கு நுனியிலதான் இருந்துச்சு. காலையில வேற ரயில்வே கேட்டப் போட்டுட்டான், அரை மணி நேரம் வண்டியிலயே உக்காந்திருந்தோமே, அப்பக் கூட சொல்லிடலாம்னு வாயத் தொறந்தேன்...

ஃபஹ்மிதா: எனக்குத் தெரியுமா?

சைத்தூன்: என்னது?

ஃபஹ்மிதா: மாவுக்குள்ள இருந்தது எனக்குத் தெரியுமா அம்மா?

சைத்தூன்: உனக்கு எப்படிடி தெரியும்? தெரிஞ்சா வைக்க விட்டிருப்பியா? வீட்டையே ரெண்டாக்கியிருப்ப. உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான மாவுக்குள்ள வச்சதே.

ஃபஹ்மிதா: அல்ஹம்துலில்லாஹ்...

சைத்தூன்: அழுவுறியா?

ஃபஹ்மிதா: இல்ல. போதும்மா. இவ்வளவு போதும். நான் வச்சுடுறேன். அப்புறமா பேசுறேன்.

சைத்தூன்: இரு, இரு. பெட்டிய வாங்கிடுவல்ல?

ஃபஹ்மிதா: பாத்துக்குறேன். ஏம்மா இப்படிப் பண்ணுனீங்க? வேணாம்னு சொல்லிச் சொல்லித்தான எடுத்து வச்சேன். கேக்க மாட்டீங்களா? உங்க இஷ்டத்துக்கு...

சைத்தூன்: திட்ட மாட்டேன்னு சொன்ன!

ஃபஹ்மிதா: வயித்தெரிச்சல்ல சொல்றேன். சரி, விடுங்க. வச்சுடுறேன்.

சைத்தூன்: நான் ஒண்ணும் என் இஷ்டத்துக்கு வைக்கல.

ஃபஹ்மிதா: சரிம்மா. வச்சுடுறேன்.

சைத்தூன்: பழி எல்லாம் என் தலையிலயே போடாத. எனக்கு என்ன தெரியும் கத்தாரப் பத்தி? அங்கயே இருக்குறவரு கேட்டாரு, நான் வச்சேன்.

ஃபஹ்மிதா: அம்மா, வேணாம்.

சைத்தூன்: என்ன வேணாம்? உன் மாப்பிள்ளைதான் கேட்டாரு.

ஃபஹ்மிதா: இல்ல. அவங்க கேக்கல. நீங்க மறந்துட்டீங்க.

சைத்தூன்: நான் எதுக்குடி மறக்குறேன்? மூணு தடவை போன் பண்ணினாரு ஷஹ்பாஸ் மாப்பிள்ளை. "மாமி, ஃபஹ்மி வந்த அன்னிக்கு ரூம்ல கூட இருந்தவங்களை எல்லாம் கூப்பிட்டு விருந்து வைக்கணும். உங்க கைப்பக்குவத்துல கறி ஆணம் காய்ச்சணும்னா கசகசா அரைச்சு ஊத்தணும், இங்க கெடைக்காது"ன்னு...

ஃபஹ்மிதா: அம்மா, போனை வைங்க.

சைத்தூன்: முழுசாக் கேளு! நானும் சொன்னேன், அவ ஆவாதுன்னு எடுத்துட்டாளேன்னு. "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது மாமி, என் பிரண்டு கூட கொண்டாந்தான். அவகிட்ட சொல்லாதீங்க, பயந்துக்குவா. மாவுக்குள்ள வச்சு அனுப்பிடுங்க"ன்னு...

ஃபஹ்மிதா: அம்மா, வாய மூடு! நீ வாய மூடு! அல்லாவுக்காகப் பேசாத!

சைத்தூன்: என்னை வாய மூடச் சொல்றியா? பெத்தவளை? மாவுக்குள்ள வைக்கச் சொன்னதே அவருதான்டி. எனக்கு அந்த யோசனையே வராது. போய் உன் புருஷனைக் கேளு.

ஃபஹ்மிதா: ...

சைத்தூன்: ஃபஹ்மி? லைன்ல இருக்கியா? அங்க என்ன, நாற்காலி தள்ளுற சத்தம்? யாரு நடக்குறா?

ஃபஹ்மிதா: ...

சைத்தூன்: பத்து நிமிசமா கூப்பிடுறேன், பதிலே காணோம். இந்தா, உங்கத்தா வந்துட்டாங்க. தொப்பலா நனைஞ்சுட்டு. என்னங்க, ஃபஹ்மிதான். இன்னும் கொழும்புலயே கெடக்காளாம்.

இப்ராஹிம்: கொழும்புலயா?

சைத்தூன்: ஆமா, பிளைட்டு லேட்டாம். ஏன் அப்படிப் பாக்குறீங்க?

இப்ராஹிம்: இப்பதான் மாப்பிள்ளை எனக்குப் பேசினாரு. பிளைட்டு கத்தார்ல எறங்கி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சாம். எல்லாரும் வெளிய வந்துட்டாங்களாம், இவ வரலையாம். நானும் பயந்துக்கிட்டுதான் ஓடியாறேன்.

சைத்தூன்: எறங்கிடுச்சா? அப்ப இவ...

இப்ராஹிம்: பேசிக்கிட்டு இருக்கும்போதே, "மாமா, ஆபீசர் மாதிரி ரெண்டு பேர் என் பேரக் கேட்டு வராங்க. ஃபஹ்மி விஷயமாத்தான் இருக்கும், உள்ள கூப்பிடுறாங்க"ன்னு சந்தோசமா வச்சுட்டாரு. போனைக் குடு இப்படி.

சைத்தூன்: என்னங்க, என்கிட்ட கொழும்புன்னுதான சொன்னா...

இப்ராஹிம்: குடு. ஃபஹ்மி, அத்தா பேசுறேன். பயப்படாத. நீ எங்கம்மா இருக்க?

ஃபஹ்மிதா: கத்தார்லதான் இருக்கேன் அத்தா. ஏர்போர்ட்டுக்குள்ள ஒரு ரூம்ல. அந்த மாவ மேசையில கொட்டி வச்சிருக்காங்க. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன், நம்பல. "உங்கம்மாகிட்ட பேசு. நீ இங்க இருக்கேன்னு சொல்லாத. வச்சது நான்தான்னு அவங்களே சொன்னா நம்புறோம்"னாங்க. அதான் கொழும்புன்னு பொய் சொன்னேன். போன் ஸ்பீக்கர்ல இருக்கு அத்தா. தமிழ் தெரிஞ்சவர் ஒருத்தர் எதிர்ல உக்காந்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டாரு. அம்மா உங்க மாப்பிள்ளை பேரச் சொன்னதும் ரெண்டு பேர் எழுந்து வெளிய போனாங்க. இப்ப கண்ணாடிக் கதவு வழியா தெரியுது, அவங்களைக் கூட்டிட்டு வராங்க... என்னைப் பாத்துட்டாங்க அத்தா. கையக் காட்டி சிரிக்கிறாங்க.