இரண்டு பெட்டி, ஒரு காக்கி மூட்டை

அம்புஜவல்லி: ஏன்னா... ஒரு பெட்டிக்கு எத்தனை பாச்சை உருண்டை போடறேள்?

பராசரன்: நாலஞ்சு.

அம்புஜவல்லி: நாலஞ்சா? கையை எடுங்கோ, பார்க்கறேன்... ராமா! டப்பாவையே கவுத்துருக்கேளே! நாளைக்கு இந்தப் புடவையைக் கட்டிண்டு நின்னா பக்கத்தாத்து மாமி தும்மியே மயக்கம் போட்டுடுவா.

பராசரன்: கும்மிடிப்பூண்டியில பூச்சி ஜாஸ்தி, அம்புஜம்.

அம்புஜவல்லி: பூச்சி மட்டும்தானே?

பராசரன்: வேற... வேற என்ன இருக்கப் போறது? அந்த டெரிகாட்டன் சட்டையை இப்படித் தா.

அம்புஜவல்லி: கசக்காதீங்கோ. மடிக்கறதா நெனைச்சுண்டு சுருட்டறேள். இதோட மூணாவது தடவை.

பராசரன்: இதோ, மடிச்சாச்சு.

அம்புஜவல்லி: எட்டு மாசமா உரக் கம்பெனியில வேலை. அங்க நாலு பேரோட ஒரு ரூம். ஞாயித்துக்கிழமை மட்டும் பெண்டாட்டி முகம். இப்பத்தான் ஒரு வீடு அமைஞ்சிருக்கு. சந்தோஷமா கிளம்பற மனுஷன் மாதிரியா இருக்கேள்?

பராசரன்: அதில்லை... நான் சொல்றதைக் கேளேன். நீ ஒரு ரெண்டு மாசம் பள்ளிப்பட்டுல உங்கப்பா ஆத்துல இரு. நான் முதல்ல போய் எல்லாம் ஒழுங்கு பண்ணிட்டு...

அம்புஜவல்லி: ஆரம்பிச்சுட்டேளா? அடுப்பைக் கட்டியாச்சு, ஆட்டுக்கல்லைப் பெயர்த்தாச்சு. இனிமே பள்ளிப்பட்டாம்!

பராசரன்: இல்லேன்னா இங்கயே இரேன். கோயில் வாசல்ல பொறந்து வளர்ந்த குடும்பம்...

அம்புஜவல்லி: அந்தக் கோயில்ல பங்காளிகளுக்கெல்லாம் பிரிச்சது போக நம்ம ஆராதனை முறை வருஷத்துக்கு எட்டே நாள். மீதி நாளைக்கு என்ன பண்றதுன்னுதானே வேலைக்குப் போனேள்? நான் வரேன். உங்களுக்கு ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்கோ.

பராசரன்: சொல்ல என்ன இருக்கு?

அம்புஜவல்லி: ஒண்ணும் இல்லையே?

பராசரன்: ஒண்ணும் இல்லை.

அம்புஜவல்லி: சரி. கொல்லைக் கொடியில மடிப் புடவை உலர்ந்திருக்கும். கோலால எடுத்துண்டு வரேன். பட்டுப்புடவைப் பெட்டியைத் திறந்தே வையுங்கோ.

தாவீது: சாமி! ஓ சாமி! லாரி வந்துக்கீது!

பராசரன்: ஸ்ஸ்... மெல்லப் பேசு தாவீது. அவ கொல்லையில இருக்கா. எந்த லாரி?

தாவீது: இன்னா சாமி கேள்வி இது? நம்ம மில்லு லாரிதான். கூட்ஸ் ஷெட்டுல மூட்டை எறக்கிட்டு காலியா திரும்புது. சும்மா கெடைக்குதேன்னு இட்டாந்தேன்.

பராசரன்: எலும்பு ஏத்தற லாரியா! பெருமாளே... அதுலயா அவ மடிப் புடவையை ஏத்தறது?

தாவீது: மூணு தபா கழுவிட்டேன் சாமி. வைக்கோலு பரப்பி, சாம்பிராணி வேற போட்டுக்கினு வந்தேன்.

பராசரன்: நாத்தம் போயிடுத்தா?

தாவீது: சாம்பிராணியும் எலும்பும் இப்போ சண்டை போட்டுக்கினு கீது. யாரு ஜெயிப்பாங்கன்னு சொல்ல முடியாது.

பராசரன்: விளையாடாதேப்பா. லாரி தெரு முனையிலயே நிக்கட்டும். சாமானை நாமளே தூக்கிண்டு போயிடலாம்.

தாவீது: எத்தினி நாளைக்கி சாமி இந்தப் பேஜாரு? நீ பாத்த ஊடு மில்லுக்குப் பின்னால கீது. கடல் காத்து திரும்பிச்சின்னா ஜலதோசம் புடிச்சவனுக்கே தெரிஞ்சிரும். எலும்பு அரைக்கிற மில்லுன்னு சொல்லிட்டா இன்னா?

பராசரன்: உனக்குப் புரியாது. அவ அப்பா, தோல் செருப்பு மேல நிழல் பட்டாலே ஸ்நானம் பண்றவர். மாட்டெலும்பு லோடு எறக்கற எடத்துல மாப்பிள்ளை நிக்கறான்னு தெரிஞ்சா, அன்னிக்கே பொண்ணை அழைச்சுண்டு போயிடுவார்.

தாவீது: அம்மா போவாங்களா?

பராசரன்: போயிடுவா தாவீது. தினம் பெருமாளுக்குத் தளிகை பண்ணிப் படைக்கறவ... என் கையால ஒரு வாய் தீர்த்தம் கூட வாங்கிக்க மாட்டா. 

தாவீது: ம்... சரி, இதைப் புடி. எம் பொண்டாட்டி கன்னிம்மா குடுத்து அனுப்பிச்சா.

பராசரன்: என்ன மூட்டை?

தாவீது: உன் காக்கி. நேத்து எங்கூட்ல கழட்டிப் போட்டுட்டு வேட்டி கட்டிக்கினு பஸ் ஏறினியே, அதான். சாமிதான் குடித்தனம் வர்றாரே, இனிமே அவரு ஊட்லயே வச்சிக்கட்டும்னா.

பராசரன்: அதை இன்னிக்கா கொண்டு வரணும்! ஐயையோ, வளையல் சத்தம் கேக்கறது... வரா! திண்டாட வைக்கறியே... இந்தப் பெட்டியில போடு. அடியில, இன்னும் அடியில! அந்த உருண்டை டப்பாவை இப்படித் தள்ளு!

அம்புஜவல்லி: யாரு, தாவீதா? உள்ள வாயேன். மோர் தரட்டுமா?

தாவீது: வேணாம்மா. இப்படி வாசப்படியிலயே நிக்கறேன்.

அம்புஜவல்லி: கன்னியம்மா சௌக்கியமா?

பராசரன்: கன்னியம்மாவை உனக்கு எப்படித் தெரியும்?

அம்புஜவல்லி: நீங்க சொல்லித்தான். ஏன்னா, அது என்ன பெட்டி மேல ஏறி உக்காந்துண்டு? எழுந்திருங்கோ. மடிப் புடவையை வைக்கணும்.

பராசரன்: அது... பூட்டிட்டேன். சாவியைத்தான் எங்கயோ...

அம்புஜவல்லி: பூணூல்ல தொங்கறது.

பராசரன்: ஓ.

தாவீது: நான் போயி லாரியப் பாக்கறேம்மா...

அம்புஜவல்லி: நில்லு தாவீது. கயிறு கட்ட ஆள் வேணும். குடுங்கோ சாவியை... அப்பப்பா, என்ன நெடி! கண்ணே எரியறது. இது என்ன, அடியில? காக்கியா?

தாவீது: அது என்னுதும்மா!

பராசரன்: ஆமா, தாவீதோடது!

அம்புஜவல்லி: தாவீதோட துணி எங்கம்மா குடுத்த கூறைப் புடவைக்குக் கீழ எப்படிப் போச்சு?

தாவீது: அது வந்து... மழையில நனஞ்சிரப் போவுதேன்னு...

அம்புஜவல்லி: ஆனி மாச வெயில் மண்டையைப் பிளக்கறது. ஏம்பா, ஆறடி ஆள் நீ. இந்தப் பேன்ட்டுல ஒரு காலை விட்டுக் காட்டு பார்ப்போம்.

தாவீது: ...சாமி, நீயே சொல்லிரு. எனக்கு வேர்த்து ஊத்துது.

பராசரன்: அம்புஜம்...

அம்புஜவல்லி: சொல்லுங்கோ.

பராசரன்: உக்காந்துக்கோ.

அம்புஜவல்லி: நின்னுண்டே கேக்கறேன்.

பராசரன்: உரக் கம்பெனின்னு சொன்னது பொய் இல்லை. ஆனா அந்த உரம்... எலும்பை அரைச்சுப் பண்றது. மாட்டெலும்பு. லாரி லாரியா வரும். காக்காக் கூட்டம் மேல சுத்திண்டே இருக்கும். அதுக்கு நடுவுல நான் நிக்கறேன். மொதல் வாரம் பூரா சாதம் எறங்கலை. அப்பறம் பழகிடுத்து. பழகினதுதான் எனக்கே பயமா இருந்தது. தெரு முனையில நிக்கற லாரியும் அதுதான்.

அம்புஜவல்லி: எங்க, அந்தக் காக்கியைப் பிரியுங்கோ.

பராசரன்: காக்கி கெடக்கட்டும். திட்டவாவது செய்யேன். பள்ளிப்பட்டுக்குப் போறதுன்னா... நானே பஸ் ஏத்தி விடறேன். உன் மேல தப்பில்லை.

அம்புஜவல்லி: அந்தக் காக்கிச் சட்டையோட எடது பாக்கெட்டைப் பாருங்கோ.

பராசரன்: பாக்கெட்டா? இப்ப எதுக்கு அது?

அம்புஜவல்லி: பாருங்கோன்னா.

பராசரன்: கிழிஞ்சிருந்தது. கன்னியம்மா தச்சுக் குடுத்தா. நல்ல தையல்.

தாவீது: எம் பொண்டாட்டியா? அவளுக்கு ஊசியில நூலு கோக்கவே வராது சாமி!

அம்புஜவல்லி: நான்தான் தச்சேன். தை மாசம் உங்களுக்கு ஜுரம்னு சொல்ல கன்னியம்மா வந்து கொல்லைக்கதவைத் தட்டினா, அன்னிக்கே அவ சொல்லி எல்லாம் தெரியும். அதுலேர்ந்து பக்கத்துக் காக்களூர்ல அவ அம்மாவைப் பார்க்க வரச்சேயெல்லாம் உங்க காக்கியில ஒரு ஜோடியைக் கொண்டு வந்து போடுவா. கிணத்தடியில தோச்சு, கிழிசலைத் தச்சு அனுப்பிட்டு, தலையோட நாலு குடம் விட்டுண்டுதான் தளிகை உள்ளுக்குள்ள போவேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, வெக்கப்பட்டு வேலையை விட்டுடுவேளோ, மறுபடியும் அந்த எட்டு நாளை நம்பி உக்காந்துடுவேளோன்னு... பயந்துண்டு நானும் வாயைத் திறக்கலை. தாவீது, வாயைப் பொளந்துண்டு நிக்காம லாரியை வாசலுக்கே கொண்டு வரச் சொல்லு. ஏன்னா, அந்தக் காக்கியை அடியில திணிக்காதீங்கோ, எல்லாத்துக்கும் மேல வையுங்கோ. நாளைக்குக் காலம்பற போட்டுண்டு போகணுமே.