இரண்டாம் மிதி

உங்கள் ஜீப்பின் கிளட்சை மிதிக்கும்போது ஒரு கீச்சொலி வருகிறது. ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். ரிலீஸ் பேரிங் வறண்டுபோயிருக்கிறது. இன்னும் பத்து நாள் தாங்கும், அதற்குள் யாரிடமாவது காட்டிவிடுங்கள். நானே பார்த்துக் கொடுக்கிறேன் என்று சொல்லலாம்தான், ஆனால் இனி எனக்கு அதற்கு வாய்ப்பிருக்காது.

என்னை யாரும் மிரட்டி அனுப்பவில்லை, நான் குடித்திருக்கவும் இல்லை. அதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான் பேச வந்தது நீங்கள் ஆறு மாதத்துக்கு முன்பே மூடி வைத்துவிட்ட வழக்கு. என் தம்பியின் கால் டிராக்டர் கிளட்சிலிருந்து வழுக்கியது, தீவனம் வெட்டும் இயந்திரத்தில் தம்பி மனைவியின் வலது கை முழங்கைவரை போனது, விபத்து என்று எழுதி முடித்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அவனே உங்கள் முன்னால் நின்று, "என் கால்தான் சார் வழுக்கிடுச்சு, வேற யாரையும் கேக்காதீங்க" என்று அழுதால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்? ஆனால் அவன் கால் வழுக்கவில்லை. கடைசிவரை பெடல் தரையோடு தரையாகத்தான் இருந்திருக்கும்.

அந்த டிராக்டரை அப்பா வாங்கியபோது எனக்கு இரண்டு வயது. சின்னவன் பிறக்கவே இல்லை. அப்பாவுக்கு அதுதான் மூத்த பிள்ளை, நான் அதற்கு அடுத்தவன். அதை நான் பதினான்கு வயதிலிருந்து பார்த்துக்கொள்கிறேன். அதற்குப் பாகங்கள் கிடைப்பதே அரிது. பாதியை நானே கடைசல் பட்டறையில் செய்து மாட்டியிருக்கிறேன். சொத்துப் பிரித்தபோது அப்பா நிலத்தையும் டிராக்டரையும் சின்னவனுக்குக் கொடுத்தார், எனக்குப் பட்டறையைக் கொடுத்தார். "நீ கைவெச்சா எந்த வண்டியும் ஓடும், உனக்கெதுக்குடா வண்டி?" என்றார். நியாயமான பேச்சு. நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

தம்பி மனைவியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இது காரணம் இல்லை, கணக்கில் விட்டுப்போகக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்பு அவள் உதிரிபாகக் கடையில் வேலை பார்த்தாள். உடைந்த பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்த்தே நம்பர் சொல்லுவாள். மூன்று போல்ட் வேண்டுமென்றால் நான் மூன்று தடவை போவேன். இரண்டு வருடம் இப்படி ஓடியது, ஒரு வார்த்தை நான் பேசவில்லை. ஒருநாள் எஞ்சினைத் திறந்துபோட்டு கையெல்லாம் கிரீஸாக நின்றபோது, பேரிங் வாங்கிவரச் சின்னவனை அனுப்பினேன். தப்பான அளவை வாங்கிவந்தான். மாற்றிவர மறுபடி போனான். மூன்றாவது தடவை போனபோது யாருக்கும் பேரிங் தேவைப்படவில்லை. எட்டு மாதம் கழித்து, "அண்ணே, அப்பாகிட்ட நீதான் பேசணும்" என்று வந்து நின்றான். பேசினேன். நன்றாகவே பேசினேன். பதினோரு வருடமாக இதை யாரிடமும் சொன்னதில்லை, இன்று உங்களிடம்தான் சொல்கிறேன்.

இப்போது கிளட்சுக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. அந்த வண்டியில் ஒரே பெடலுக்கு இரண்டு மிதி. பாதி மிதித்தால் சக்கரம் நிற்கும். தரைவரை மிதித்தால் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிற ஷாஃப்ட்டும் நிற்கும். அந்த ஷாஃப்ட்தான் தீவனம் வெட்டும் இயந்திரத்தைச் சுழற்றுவது. முதல் மிதிக்கு ஒரு கிளட்ச் பிளேட், இரண்டாவது மிதிக்கு வேறொரு பிளேட்; மிதித்தால் அந்தந்தப் பிளேட் பிடியை விடும்.

அவர்கள் இருவருக்கும் ஒரு வேலைப் பழக்கம் உண்டு. இயந்திரத்தில் சோளத்தட்டை அடைத்துக்கொண்டால் எஞ்சினை அணைக்க மாட்டார்கள். ஸ்டார்ட்டர் பலவீனம், அணைத்தால் மறுபடி தள்ளித்தான் கிளப்ப வேண்டும். சின்னவன் சீட்டில் உட்கார்ந்தபடியே பெடலைத் தரைவரை மிதித்துப் பிடித்துக்கொள்வான். அவள் இயந்திரத்தின் வாய்க்குள் கைவிட்டு அடைப்பை இழுத்துப் போடுவாள். அவள் கை மெலிந்தது, இடுக்கில் போகும். "அணைச்சிட்டுக் கைய விடுங்க" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். "அப்புறம் யாருண்ணே தள்றது, நீ வர்றியா?" என்று சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். இத்தனை வருடம் ஒரு கீறல்கூட விழாமல் அவர்கள் சிரித்தது, கிளட்சை நான் சரியாக வைத்திருந்ததால்தான்.

அறுவடை முடிந்து வண்டியைக் கொண்டுவந்து விட்டான். "மேடு ஏற மாட்டேங்குதுண்ணே, கிளட்ச் வழுக்குது. பாத்து வை." அப்படியே ஸ்டார்ட்டரையும் பார்க்கச் சொன்னான். அது இருபது நிமிட வேலை. அடுத்த தடவை பார்க்கலாம் என்றேன்.

வண்டியை இரண்டாகப் பிரித்தேன். முன் அச்சுக்கு ஆப்பு வைத்து, எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து, பின்பாதியை ஜாக்கியில் தாங்கி மெதுவாக உருட்டினேன். எஞ்சினின் பின் சீல் கசிந்து முதல் பிளேட்டெல்லாம் எண்ணெய், ரிவெட் தலை தெரியுமளவுக்குத் தேய்மானம். அதை மாற்றினேன். சீல், ரிலீஸ் பேரிங் எல்லாம் புதிது. ஃப்ளைவீல் முகத்தை முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்தேன். அந்த வேலையில் யாரும் குறை காண முடியாது.

இரண்டாவது பிளேட்டைக் கண்ணாடிமேல் படுக்க வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. சூட்டில் கோணிப்போயிருந்தது. குப்பையில் போட வேண்டிய பொருள், அதற்குப் புதுசு என் அலமாரியில் இருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பழையதையே மாட்டினேன். மிதிக்கும்போது அந்தப் பிளேட் எவ்வளவு விலகும் என்பதைத் தீர்மானிக்கிற நட்டு மூன்று உண்டு. மூன்றையும் அரைச்சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தளர்த்தி வைத்தேன். மூன்றும் ஒரே அளவு. வேலையில் எனக்கு ஏனோதானோ பிடிக்காது.

அதன் பலன் இதுதான். வண்டி குளிர்ந்திருக்கும்போது தரைவரை மிதித்தால் ஷாஃப்ட் நிற்கும். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறியபின் மிதித்தாலும் பிளேட் முழுதாக விடாது, லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். இயந்திரத்தில் தட்டை அடைத்திருக்கும்வரை நின்றதுபோலவே தெரியும். அடைப்பை இழுத்தவுடன் சுற்றும். வேறொரு வண்டியில் இதை நான் பார்த்திருக்கிறேன், அன்று யார் கையும் உள்ளே இல்லை.

வண்டி எடுக்க இருவரும் வந்தார்கள். பட்டறை முற்றத்தில் மிதித்துக் காட்டினேன், ஷாஃப்ட் சட்டென்று நின்றது. அவள் என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "இப்ப நல்லா நிக்குதா மாமா?" என்று கேட்டாள். "நிக்கும்மா. அவனக் கடைசிவரைக்கும் மிதிக்கச் சொல்லு" என்றேன்.

ஒன்பதாவது நாள் மத்தியானம் நடந்தது. ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில்தான் கொண்டுபோனோம். அவளுக்குக் குலுங்கக்கூடாது என்று ஒவ்வொரு கியரும் பார்த்துப் பார்த்து மாற்றினேன். அவளை உள்ளே கொண்டுபோனதும், அந்தச் சனியனை அவர்கள் திரும்பி வந்து பார்க்கக்கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லி டிராக்டரைப் பட்டறைக்கு ஓட்டிவந்தேன். மறுபடி பிரித்தேன். புது பிளேட் போட்டு நட்டைச் சரியான அளவுக்கு முடுக்கினேன். உங்கள் ஆள் சோதிக்க வந்தபோது எல்லாம் கச்சிதமாக இருந்தது.

சின்னவன் நாலைந்து நாள் கழித்து வந்தான். "அண்ணே, நான் மிதிச்சுக்கிட்டேதான் இருந்த மாதிரி இருக்கு. கிளட்ச்ல எதுவும்...?" என்று இழுத்தான். நீயே மிதித்துப் பார் என்று சீட்டில் ஏற்றினேன். எஞ்சினைச் சூடாக்கியே காட்டினேன். மிதித்தான், ஷாஃப்ட் நின்றது. இன்னொரு தடவை மிதித்தான். அப்புறம் குனிந்து தன் இடதுகாலைப் பார்த்தான். நான் பார்க்க விரும்பியது அதைத்தான். வயிறு நிறையச் சாப்பிட்டதுபோல் இருந்தது, மறைப்பானேன்.

அவள் கை எனக்குத் தேவையில்லை. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அது போகக் காரணமான கால் அவனுடையதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் அவளுக்கு அது ஞாபகம் வரும், அவன் முகத்தில் விழிக்கவே பிடிக்காமல் போகும் என்று நினைத்தேன். அதன்பிறகு நான் எதுவும் கேட்டிருக்க மாட்டேன். அவளுக்குக் கெடுதல் செய்யாத ஆளாக அந்த வீட்டுக்குப் போய் வந்துகொண்டிருப்பேன்.

போய்த்தான் வந்தேன். போன வாரம் போனபோது அவன் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தான். பின்னல் கோணல்மாணலாக இருந்தது. "கயிறு திரிக்கிற மாதிரி திரிக்காதீங்க" என்று அவள் சிரித்தாள். இடதுகையால் எழுதப் பழகிவிட்டாள், நோட்டை என்னிடம் காட்டினாள். பேச்சுவாக்கில் அவன் அந்த நாளை எடுத்தான். என் எதிரிலேயே அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அவள் அவன் தலையைத் தடவினாள். "உங்க கால்தானே? வேணும்னேவா செஞ்சீங்க? நான் அன்னிக்கே விட்டுட்டேன், நீங்களும் விடுங்க" என்றாள். பதினோரு வருடத்தில் அவர்களை நான் அவ்வளவு நெருக்கமாகப் பார்த்ததில்லை. காபி தருகிறேன் என்றாள், வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இந்தச் சாக்குப்பைக்குள் அந்தப் பழைய பிளேட் இருக்கிறது. உங்கள் மேசைக் கண்ணாடிமேல் வைத்துப் பாருங்கள், ஓரம் தூக்கி நிற்கும். தெரிந்து செய்தேன், என்ன நடக்கும் என்று தெரிந்து செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். செய்யாத தப்புக்கு என் தம்பி தினம் தினம் செத்துக்கொண்டிருப்பதைக் காணச் சகிக்காமல்தான் வந்திருக்கிறேன், வேறு எதுவும் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அவளிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள், அவன் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள். ஆறு மாதமாக அவள் ஆள் தெரியாமல் மன்னித்துக்கொண்டிருக்கிறாள். அந்த மன்னிப்பு எனக்குச் சேர வேண்டியது.