ஏலக்காரர் மாரியப்பன் அமைதியாக இருக்கவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் மீனவர் சங்கத் தலைவர் மனோகரன் அவர்களே, நிர்வாகிகளே, காசிமேட்டு ஏலக்கூடத்துத் தாய்மார்களே, ஐயா மாரியப்பனின் மகன் மணியே, மருமகள் சினேகாவே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம். இந்தப் பகுதி சுகாதார நிலையத்தில் நர்சாக இருக்கும் நர்மதா பேசுகிறேன்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றை மட்டும் தவறாமல் சொன்னீர்கள். கடைசிக் காலத்தில் ஐயா சாமியார் மாதிரி அமைதியாகிவிட்டாராம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்தாராம். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது! இரங்கல் கூட்டத்தில் கோபப்படக் கூடாது என்று தெரியும். பட்டுவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமைதியா? ஏலக்காரர் மாரியப்பனா? வஞ்சிரக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அவர் விலை கூவினால் படகில் வலை மடிப்பவனும் திரும்பிப் பார்ப்பான். அந்தக் குரலை அவர் மீனுக்கு மட்டுமா செலவழித்தார்? நாங்கள் சர்க்கரைப் பரிசோதனை முகாம் போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். ஐயா குப்பத்துக்குள் நடந்து போய் ஒவ்வொரு வாசலிலும் நிற்பார். "இன்னா மாமு, சுறாவையே புட்ச்சுகினு வர்ற, இத்துனூண்டு ஊசிக்கு பயந்துகினு வூட்டுக்குள்ள பூந்துகினியா? வா இப்டி!" வரிசை தெருமுனை வரைக்கும் நிற்கும். இங்கே இருக்கிற பாதிப் பேர் அந்த வரிசையில் நின்றவர்கள்தான்.

அவருக்குக் காது மந்தமானது. நீங்கள் என்ன செய்தீர்கள்? மேடை போட்டு, சால்வை போர்த்தி, "நீ ரெஸ்ட் எடு நைனா" என்று ஏலத்தை வேறொருவர் கையில் கொடுத்தீர்கள். மரியாதை என்று நினைத்தீர்கள். காதுக்கு ஒரு மிஷின் மாட்டிவிட்டு அவரை அங்கேயே நிறுத்தலாம் என்று ஒருவருக்காவது தோன்றியதா? அடுத்த மழைக்காலத்தில் அவர் மனைவி புஷ்பவல்லியம்மா போய்விட்டார். வீடோ மூன்றாவது மாடி, முட்டியோ வலி, உடம்பிலோ சர்க்கரை. வேலை போய், துணை போய், காதும் போன ஒரு மனிதர், வீடு நிறைய ஆள் இருந்தும் தனியாக உட்கார்ந்திருந்தார். பேசுவது கேட்காததால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிச் சிரித்தார். அதைத்தான் சாமியார் என்றீர்கள்!

சோறு குறைந்தது, தூக்கம் போனது, சட்டை தொளதொளத்தது. டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்று மணியிடம் சொன்னேன். "எங்க நைனா இன்னா மெண்டலா? வயசாச்சுன்னா அப்டித்தான் இருப்பாங்க. சும்மா பேஜாரு பண்ணாத சிஸ்டர்" என்றான். மணி, உன்னை மட்டும் சொல்லவில்லை. இந்த வார்த்தையை நான் கேட்காத வீடு ராயபுரத்தில் இல்லை. வயதானால் அப்படித்தான் இருப்பார்களா? யார் சொன்னது? காய்ச்சல் வந்தால் ஆட்டோ பிடிக்கிறீர்கள். மனச்சோர்வும் நோய்தானே? அதற்கு மருந்து இருக்கிறது, ஆலோசனை இருக்கிறது, பக்கத்தில் உட்கார ஓர் ஆள் இருந்தால் குணமாக வழியும் இருக்கிறது.

ஒரு நாள் மாடி ஏறிப் போய், அவர் காதோரம் குனிந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று சத்தமாகக் கேட்டேன். "கீறேன் சிஸ்டர். ஆருக்கும் வேண்டாத சரக்கா கீறேன். கூவினாலும் எடுக்க ஆள் இல்ல" என்றார். அப்போதே அவர் சர்க்கரை மாத்திரையை நிறுத்தியிருந்தார். காலில் புண் வந்த பிறகுதான் வீட்டுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது புண் முற்றி, விஷம் உடம்பெல்லாம் ஏறிவிட்டிருந்தது.

இப்போது அவருக்கு இவ்வளவு பெரிய பேனர்! அச்சடிக்க ஓடினீர்கள், கட்ட ஏறினீர்கள். உயிரோடு இருந்தபோது அந்த மாடிக்கு எத்தனை பேர் ஏறினீர்கள்?

இதையும் கேளுங்கள். நான் உள்ளே வரும்போது வாசலில் ஒரு பெரியவர் அந்தப் பேனரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்தது என்துதான் சிஸ்டர்" என்றார். அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், ரொம்ப அமைதியாக இருக்கிறார் என்றுதான் சொல்வார்கள்.

ஐயா மாரியப்பனின் பணியைத் தொடர்வோம் என்று கையைத் தூக்கச் சொல்லப்போவதில்லை. நான் தொடரப்போகிறேன். நாளையிலிருந்து இந்தக் குப்பத்தில் ஒவ்வொரு வாசலிலும் நிற்பேன். அவர் குரல் எனக்கு இல்லை, ஆனால் கதவைத் தட்டக் கை இருக்கிறது. மெண்டலா என்று கேட்பவர்கள் கேளுங்கள், நான் அந்த வாசலை விட்டுப் போகமாட்டேன்.

அடுத்து இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி என்று தலைவர் சொன்னார். தலைவரே, வேண்டாம். மௌனத்தைத்தான் அந்த மனிதருக்கு உயிரோடு இருக்கும்போதே வேண்டிய மட்டும் கொடுத்துவிட்டோமே! நான் இப்போது கீழே இறங்கி ஒருவர் பக்கத்தில் உட்காரப்போகிறேன். அது யார் என்று திரும்பித் திரும்பி வேடிக்கை பார்க்காதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று காதில் விழும்படி கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் பதில் சொல்கிறவரைக்கும் எழுந்து போகாதீர்கள்.