சின்னக் கிரேனுக்குக் கண்ணாக நின்ற கையண்ணனுக்கு

கனத்தைக் கையசைவால் கட்டி ஆண்டவரே, கத்தாமல் காரியம் முடித்தவரே, சந்து பொந்தெல்லாம் எங்கள் சின்னக் கிரேனுக்கு முன்னால் நடந்து வழி சொன்னவரே, எங்கள் சிக்னல்காரரே, பணிமனை முழுவதும் கையண்ணன் என்று அழைக்கும் பெரியவரே, வணக்கம்.

இன்று நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள். பரிசு வேண்டாம், விருந்து வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டீர்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "ஆபரேட்டர் வருவாரா?"  அதற்குப் பதிலை இந்த மடலில் சொல்லப் பார்க்கிறோம்.

முதலில் முறைப்படி உங்கள் பெருமை. பெரிய கிரேன் நுழைய முடியாத இடத்துக்குத்தான் நம் வண்டியை வாடகைக்குக் கேட்கிறார்கள். போனில் பேசும்போது எல்லோருடைய வாசலும் அகலமாகத்தான் இருக்கும். லாரியே போகும் என்பார்கள். நீங்கள் போய்ப் பார்த்தால் சைக்கிளையே ஒருக்களித்துத்தான் தள்ள வேண்டியிருக்கும். தரையைக் குதிகாலால் தட்டி, அடியில் தொட்டி இருக்கிறதா, சாக்கடை ஓடுகிறதா என்று வீட்டுக்காரர் முகம் சுளிக்கும்வரை துருவிக் கேட்ட பிறகே வண்டியை வரச் சொல்வீர்கள். கால்களை மடக்கிக்கொண்டு நடைவழியில் நுழைந்து, உள்ளே போய் நான்கு காலையும் பரப்பி நிற்கும் அந்த இயந்திரம், நீங்கள் கை உயர்த்தினால் தூக்கும், கை மடக்கினால் நிற்கும். சாப்பாட்டு மேசையில் நீங்கள் போதும் என்று காட்டினால் பரிமாறுபவர் கரண்டியோடு உறைந்துவிடுவார் என்று இங்கே ஒரு கேலி உண்டு. அதற்கு நீங்கள் சிரித்ததில்லை. பொதுவாகவே நீங்கள் சிரிக்கிற ஆள் இல்லை. ஓய்வு பெறுகிறீர்கள் என்பதற்காக அதை மாற்றி எழுத எங்களுக்கு மனமில்லை.

புதிதாக வேலைக்கு வந்தவர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரே வண்டியில் போய் ஒரே வண்டியில் திரும்பும் நீங்களும் கிரேனை இயக்கும் ஆபரேட்டரும் ஏன் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். அவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரிசை வீடுகளுக்குப் பின்னால் ஒரு பட்டறை. அதற்கு அடியில் நிலவறை தோண்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்துக்குள் ஓர் இரும்பு உத்திரத்தை இறக்க வேண்டும். கிரேன் நின்ற முற்றத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் உயரமான சுவர். ரிமோட் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஆபரேட்டருக்குச் சுவர் மட்டும்தான் தெரியும். சுவர்மேல் நின்ற சிக்னல்காரருக்கு இரண்டு பக்கமும் தெரியும். பள்ளத்தில் இரண்டு கொத்தனார்கள் உத்திரத்தின் நுனியைப் பிடித்துப் பொருத்தக் காத்திருந்தார்கள்.

பாரம் தொங்கும்போது ஆபரேட்டர் போனைத் தொடக்கூடாது. தூக்குவதற்கு முன் அதைச் சிக்னல்காரரிடம் கொடுத்துவிடுவது நம் வழக்கம். அன்றும் கொடுத்திருந்தார். உத்திரம் சுவரைத் தாண்டிப் பள்ளத்துக்கு மேல் தொங்கியபோது போன் அடித்தது. நின்றது. உடனே மறுபடி அடித்தது. சிக்னல்காரர் ஒரு கையை மடக்கிப் பாரத்தை நிறுத்தி, மறு கையால் எடுத்தார். பேசியது ஆபரேட்டரின் மைத்துனர். அக்கா சமையலறையில் மயங்கி விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம், நினைவு வந்து வந்து போகிறது, மாமாவைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், உடனே அனுப்புங்கள் என்றார்.

"வருவாரு" என்று சொல்லிப் போனைப் பையில் போட்டார் சிக்னல்காரர்.

கீழே பார்த்தார். கொத்தனார்களை வெளியே வரச் சொல்ல வழியில்லை. ஏணி மறுமுனையில் இருந்தது, உத்திரத்துக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். அப்படியே நிறுத்தி வைக்கவும் முடியாது; காற்று எழும்பி உத்திரம் லேசாகத் திரும்பத் தொடங்கியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன் கையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் இப்போது சொன்னால் பெட்டியில் இருக்கும் விரல் என்ன செய்யும்? சிக்னல்காரர் அதற்குமேல் யோசிக்கவில்லை. இறக்கு என்று காட்டினார். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று வழக்கம்போலவே காட்டினார். உத்திரம் உட்கார்ந்தது. கொக்கி கழன்றது. பிறகுதான் இறங்கி வந்து சொன்னார்.

ஆபரேட்டர் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வண்டியருகே வைத்துக் கேட்டார்.

"அப்பவே ஏண்ணே சொல்லல?"

"பள்ளத்துல ரெண்டு பேர் இருந்தாங்கப்பா."

"அவ என்னைக் கேட்டுக்கிட்டே இருந்தாளாம்."

 அதோடு பேச்சு நின்றது. முதலாளி இருவரையும் வெவ்வேறு வண்டிக்கு மாற்றப் பார்த்தார். ஆபரேட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. பேச மாட்டேன், ஆனால் வேறு கையைப் பார்த்துத் தூக்கவும் மாட்டேன் என்றார். போன் வைத்துக்கொள்வதையும் விட்டுவிட்டார். அப்படியே ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்தார்கள். கொதிகலன், லிப்ட் மோட்டார், கண்ணாடிப் பலகை என்று எதையெதையோ இறக்கினார்கள், ஒன்றும் விழவில்லை. சிக்னல்காரர் தேநீர் வாங்கும்போது இரண்டாக வாங்குவார். ஒன்றை வண்டிமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். ஆபரேட்டர் சில நாள் குடிப்பார். சில நாள் ஆறவிட்டுக் கொட்டுவார்.

கையண்ணனே, நேற்று இந்த மடலை இதுவரை எழுதி ஆபரேட்டரிடம் கொடுத்தோம். கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை, படித்தாவது பாருங்கள் என்றோம். பெஞ்சில் உட்கார்ந்து படித்தார். திருப்பி ஒருமுறை படித்தார். பிறகு எங்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். சொன்னதை மாற்றாமல் தருகிறோம்.

"அவர் செஞ்சது சரின்னு எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அவர் மூஞ்சியப் பார்த்தா அவ கேட்டுக்கிட்டே இருந்ததுதான் ஞாபகம் வருது. அதுக்கு அவர் என்ன பண்ணுவாரு, நான் என்ன பண்ணுவேன். வர்றேன்னு சொல்லுங்க. பேசுவேன்னு சொல்லாதீங்க."

வந்திருக்கிறார். கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருக்கிறார். திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நோய்நொடியின்றி நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம். மன அமைதியோடு என்றும் சேர்த்து எழுதுவார்கள். அதை எங்களால் கொடுக்க முடியாது என்பதால் எழுதவில்லை. பள்ளத்தில் நின்ற அந்த இரண்டு பேரும் இன்றும் வேலைக்குப் போய் வீடு திரும்புகிறார்கள். அன்று தங்கள் தலைக்கு மேல் என்ன நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

இந்த மடலுக்குப் பொறுப்பேற்று, தலை வணங்கி நிற்கும்,
சின்னக் கிரேன் வாடகைப் பணிமனையின் ஊழியர்கள் அனைவரும்,
ஆபரேட்டர் உட்பட.