தேதி போடாத போஸ்டர்

— பிளேன்னா பயம்னு ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்கியாமே, தொரை. நெசமாவா?

— தொரைன்னு கூப்பிடாதக்கா. வேற என்னத்த சொல்றது? பிரைஸ் வாங்க மூணு வாட்டி சிங்கப்பூருக்கு கூப்பிட்டாங்க. தலை சுத்தும், டொக்டர் வேணாம்னுட்டாருன்னு சொல்லி எனக்குக் கீழ வேலை செய்றவன அனுப்புனேன்.

— அவன் மேடையேறி வாங்குன கேடயம் ஒன் மேசையில இருக்காக்கும்.

— ஐடியா என்னோடதுதானே.

— ஆமாமா. சண்டை நின்ன ஒடனே, "வாருங்கள், இது எங்கள் நாடு"ன்னு வெள்ளைக்காரனையெல்லாம் ஊர் சுத்திப் பாக்கக் கூப்பிட்டியே, அந்த ஐடியா. எழுதுனவனுக்கு பாஸ்போட் இல்ல.

— மெதுவா பேசு. ஆபீஸ் வான் டிரைவர் வெளியில நிக்கிறான்.

— அவனுக்குத் தமிழ் தெரியுமா?

— தெரியாது.

— அப்புறம் என்ன? மாத்தளை டவுன்ல லொறிக்கு நம்பர் எழுதிக்கிட்டிருந்த இராமசாமி, கொழும்புல போய் ராம் ஆகி, கிரியேட்டிவ் ஹெட்டும் ஆயிட்டான். டீவியில ஒன் பேரு வந்தப்ப, அது கமலாட்சியோட தம்பிதான்னு சொன்னேன். ஒருத்தரும் நம்பல. ஐடி கார்டு நம்பர்ல கடைசி எழுத்த இன்னும் மறைச்சுக்கிட்டுத்தான் திரியிறியா?

— வேற வழி? வோட்டு உள்ளவனுக்கு வீ, நமக்கு எக்ஸ். செக்பொயிண்ட்ல பெருவிரல வச்சு மறைச்சே பழகிப்போச்சு. ஒரு நாள் எங்க எம்.டி. பாத்துட்டாரு. பிரிண்டிங் மிஸ்டேக்குன்னேன்.

— அச்சடிச்சவன் தலையில கட்டிட்ட. நீ பெரிய ஆபீசர்தான்.

— எல்லாம் அப்பா பண்ணுன வேல. அவரும் இந்தத் தோட்டத்து லயத்து ஆளுங்களும் பேசி வச்ச மாதிரி இந்தியாவுக்குப் போறோம்னு எழுதிக் குடுத்தாங்க. எண்பத்தி நாலுல கப்பல் நின்னுச்சு. அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல.

— செத்த மனுசன சொல்லாதடா. அவருக்கு என்ன தெரியும். நீ வந்த விசயத்த சொல்லு.

— இந்த வாட்டி தலை சுத்துதுன்னு சொல்ல ஏலாதுக்கா. மார்ச்சுல லண்டன். நானே போய் வாங்கினாத்தான் கம்பனியில டிரெக்டரா போடுவாராம் எம்.டி. இல்லாட்டி அந்தக் கதிரையில வேற ஆளு. புதுச் சட்டம் வந்திருக்குல்ல, ஒரு படிவத்துல கையெழுத்து வச்சா போதும், நாமளும் பிரஜை. அப்பா பேரு பதிஞ்ச இந்தத் தோட்டத்துலதான் வைக்கணுமாம். சத்தமில்லாம வச்சிட்டு சாயங்காலமே போயிடுவேன். சனத்துக்கு அத அறிவிக்கிற வேலையும் நம்ம ஆபீசுக்குத்தான் வந்துச்சு.

— அப்ப பீபி கடை சுவத்துல ஒட்டியிருக்கிற போஸ்டர் நீ போட்டதா? ஒரு பொம்பள கை, அதுல ஒரு தேயிலக் கொழுந்து. கீழ "கையெழுத்திடுங்கள், இது உங்கள் நாடு".

— நான்தான். எப்பிடி இருக்கு?

— கை வழுவழுன்னு நல்லா இருக்கு. யாரு கையி?

— ஒரு மொடல். கொழும்புப் பிள்ள.

— அதான பாத்தேன். கொழுந்து பறிச்ச கையின்னா கறையில்ல இருக்கும். அது சரி, வெள்ளைக்காரனுக்கு எங்கள் நாடு. லயத்து சனத்துக்கு உங்கள் நாடு. ஒனக்கு எந்த நாடுடா?

— அது கொன்செப்ட்டுக்கா. ஒனக்கு வெளங்காது.

— வெளங்காதுதான். மத்த எடமெல்லாம் ஏன் காலியா கெடக்குன்னும் வெளங்கல. மை தீந்து போச்சோ?

— அதுக்குப் பேரு வைட் ஸ்பேஸ். கண்ணு மூச்சு விட எடம் வேணும். அமைச்சுல இருந்து ஒரு தாளு அனுப்பியிருந்தாங்க. எந்தத் தோட்டத்துக்கு என்னைக்கு வருவாங்க, எத்தன மணிக்கு, என்னென்ன கொண்டு வரணும்னு நாப்பது வரி. அதையெல்லாம் போட்டா அது போஸ்டர் இல்ல, பஸ் டைம்டேபிள். ஒரே கீறுல எல்லாத்தையும் வெட்டினேன். அமைச்சு செக்ரட்டரியே கை தட்டுனாரு.

— நம்ம தோட்டத்துக்கு என்னைக்குன்னு அதுல பாத்தியா?

— நான் தாளெல்லாம் படிக்கிறதில்ல. எனக்கு ஃபீல் வந்தா போதும். இந்த வாரம்னு தெரியும்.

— நேத்து.

— என்ன நேத்து?

— நேத்து வந்துட்டுப் போயிட்டாங்க. நம்ம பள்ளிக்கூடத்துல மேசை போட்டு ஒக்காந்திருந்தாங்களாம்.

— வெளையாடாதக்கா.

— வெளையாட்டு எனக்கு எதுக்கு.

— ஒரு ஃபோன் கோல் போட்டிருக்கலாமே எனக்கு.

— எனக்கே காலையில பீபி சொல்லித்தான் தெரியும்.

— அப்ப நீயும் வைக்கலையா? இருளாண்டி மாமா?

— நானும் வைக்கல, மாமாவும் வைக்கல. லயத்துல நாப்பத்திரெண்டு குடும்பம். எல்லாரும் மலையில கொழுந்து பறிச்சுக்கிட்டிருந்தோம், ஒரு ஆளு போகல.

— அவ்வளவு பெரிய போஸ்டர் ஒட்டியிருக்கு. பாக்கலையா அந்த சனங்க?

— பாக்காம என்ன? தெனமும் நின்னு பாத்தாங்க. அது சினிமா போஸ்டர் ஒட்டுற சுவரு. தியேட்டர்க்காரன் மொதல்ல தேதியில்லாம ஒண்ணு ஒட்டுவான், அப்புறமா தேதி போட்டு ஒண்ணு ஒட்டுவான். நாடும் அப்பிடித்தான் விரைவில் வருது போலன்னு நாங்க ரெண்டாவது போஸ்டருக்குக் காத்துக்கிட்டிருந்தோம்.

— ஐயோ அக்கா.

— மூணு மணி வரைக்கும் ஈ ஓட்டிட்டு, இந்த சனத்துக்கு நாடு வேணாம் போலன்னு சொல்லிட்டு வண்டியேறுனாங்களாம். சிரிச்சுப் பேசுறேன்னு நெனச்சிடாத. வயித்தெரிச்சல்டா எனக்கு. அம்பத்திரெண்டு வயசாச்சு. ஒரு வாட்டியாவது வோட்டுப் போடணும்னு ஆசையா இருந்தேன். ஒன் கண்ணு மூச்சு விடுறதுக்கு எங்க எல்லார் மூச்சையும் புடிச்சிட்ட.

— இரு. செக்ரட்டரி நம்பர் இருக்கு.

— அந்த மொளகுக் கொடிகிட்டப் போய் நில்லு. அங்கதான் சிக்னல் வரும்.

— பேசிட்டேன்க்கா. வெள்ளிக்கிழமை திரும்பி வராங்க. ஒம்பதுல இருந்து நாலு வரைக்கும்.

— சிங்களத்துல சீனிப் பாணி ஊத்துன மாதிரி பேசுன. ஷூட்டிங்குன்னு காதுல விழுந்துச்சே, அது என்ன?

— தேதி போட மறந்துட்டேன்னு சொன்னா வருவாரா? மேசை, ஆபீசர், லைன்ல சனங்க, கையெழுத்து வைக்கிறது, எல்லாத்தையும் படம் புடிச்சு டீவியில போடுறோம், நீங்களும் நடுவுல நில்லுங்கன்னேன். அடுத்த நிமிசம் சரின்னுட்டாரு.

— பொய்யா?

— பொய்யில்ல, நெசமாவே கேமரா வரும். எம்.டி. வராரு, ஆபீஸ்ல பாதிப் பேரு வருவாங்க. ஒங்க எல்லாருக்கும் அன்னைக்கே கையெழுத்து முடிஞ்சிடும். ஆனா அன்னைக்கு விட்டா இன்னொரு நாள் கேக்க ஏலாது. அதுதான் கடைசின்னுட்டாரு.

— கெட்டிக்காரன்டா நீ. வீடு வீடா போய் தேதிய நானே சொல்லிடுறேன். நாங்க எட்டு மணிக்கே லைன்ல நிப்போம். ஒங்க எம்.டி.யும் ஆபீஸ் ஆளுங்களும் கேமராவுக்குப் பின்னால நிப்பாங்க. நீ எங்கடா நிப்ப?