மடுவுக்குப் போற சைகை

குரங்கெண்டு சொல்லாதேங்கோ சிஸ்டர், வாலில்லாக் குரங்கு. சிம்பன்சிக்கு வால் கிடையாது. முப்பது வருசம் வாசிகசாலையில இருந்தனான், பிழையாச் சொன்னாக் காது கூசும். மகள் அன்ரோனெற்றை உங்கட விடுதியில விட்டுட்டுப் போகமுன்னம் இதைச் சொல்லோணும்.

அமெரிக்காவில ஒரு சிம்பன்சிக்குக் கைப்பாஷை படிப்பிச்சவங்கள் எண்டு புத்தகத்தில வாசிச்சன். தா, வா, கதவைத் திற, எல்லாம் கையால கேக்குமாம். மகளுக்கு அப்ப ஏழு வயசு. காது கேளாத பிள்ளையள் படிக்கிற இடத்தில சேர்ப்பம் எண்டு தாய் றஞ்சிதம் அழுதவ. சிம்பன்சிக்கு வெள்ளைக்காரன் படிப்பிச்சா, பெத்த பிள்ளைக்கு நான் படிப்பிக்கமாட்டனோ எண்டு கேட்டன். ஓம், மனிசியட்டத்தான்.

எல்லாம் நானே செய்த சைகையள். காதுக்கு மேல ரெண்டு விரல் நிமித்தினாக் கழுதை. மன்னாரில தெருவெல்லாம் கழுதை, முதல் அதுதானே வேணும். உள்ளங்கையைச் சுரண்டினா மீன். மூக்குக்கண்ணாடியைத் தள்ளினா நான். மூண்டு பேர் கதைச்ச பாஷை. உங்கட ஆக்கள் காட்டுற சைகை அவளுக்கு விளங்காது. நாப்பத்தாறு வயசு, இனிப் பழகமாட்டாள். அங்க பாருங்கோ, குசினி அக்காட்டத் தேத்தண்ணி கேக்கிறாள். அவ சிரிச்சுப்போட்டுப் போறா.

அந்தச் சிம்பன்சியோ? ஆராய்ச்சி முடிஞ்சவுடனை வேற இடத்துக்கு அனுப்பிப்போட்டாங்கள். கூட்டுக்குள்ள இருந்து போறவாற ஆக்களுக்கெல்லாம் கையைக் காட்டினதாம். அவங்களுக்கு அது சும்மா குரங்கு. அந்தப் பக்கத்தை மட்டும் நான் றஞ்சிதத்துக்கு வாசிச்சுக் காட்டேல்லை.

இந்தாங்கோ கொப்பி. நூற்றிப்பன்னிரண்டு சைகை, படம் கீறியிருக்கு. என்ர கீறல் வடிவில்லை, கழுதை முயல் மாதிரி வந்திட்டுது. ஒண்டு மட்டும் இதில இல்லை. செத்துப்போறதுக்கு நான் சைகை செய்யேல்லை. அது தேவைப்படுமெண்டு நினைக்கேல்லை.

றஞ்சிதம் கொரோனாக் காலம் கொழும்பில மோசம்போனவ. உடம்பை எங்களட்டத் தரேல்லை. வீட்டை வந்தன், அம்மா எங்கை எண்டு கேட்டாள். தலையில முக்காட்டை இழுத்து, ரெண்டு விரலை நடக்கவிட்டுக் காட்டினன். மடு மாதா கோயிலுக்குப் போட்டா எண்டு. அண்டையில இருந்து ஒவ்வொரு ஆவணித் திருவிழாவும் முடிஞ்சு சனம் திரும்பேக்க, வீட்டுப் படலையில போய் நிப்பாள். ஒவ்வொரு பஸ்ஸா இறங்கிற ஆக்களைப் பாப்பாள்.

இல்லை சிஸ்டர், இப்ப மாத்திச் சொல்லேலாது. எந்தக் கையால சொல்லுறது?

நாளைக்கு மகரகமைக்குப் போறன். ஓம், அந்தப் புற்றுநோய் ஆஸ்பத்திரிதான். டொக்டர்மார் வடிவாச் சொல்லேல்லை, நானே வாசிச்சு அறிஞ்சனான். ஒரு மாதம் போனா அவள் உங்களட்ட வந்து மூக்கில விரலை வைச்சுத் தள்ளிக் காட்டுவாள், அப்பா எங்கை எண்டு.

கையைத் தாங்கோ. முக்காடு இப்பிடி, விரல் இப்பிடி. கொஞ்சம் மெதுவா நடக்க விடுங்கோ, எனக்குக் கால் ஏலாதெண்டு அவளுக்குத் தெரியும்.